ஈதர் அடித்து எழுப்பும் இன்ஜின்கள்

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலும் மின்னசோட்டாவிலும் ஜனவரி மாதக் காலையில் மைனஸ் 20 டிகிரி என்றால் யாரும் அதைச் செய்தியாகப் பேசுவதில்லை. மின்னசோட்டாவின் டவர் என்ற சிற்றூரில் 1996 பிப்ரவரி 2 அன்று மைனஸ் 51 டிகிரி பதிவானதே, அதுதான் செய்தி. அந்தப் பக்கத்தில் சின்ன டிராக்டர் வைத்திருப்பவருக்குக் குளிர்காலம் ஓய்வுக்காலமாக இருப்பதில்லை. வீட்டு வாசலிலிருந்து சாலை வரை விழுந்து கிடக்கும் பனியை ஒதுக்க வேண்டும். மாடுகளுக்கு வைக்கோல் உருளைகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட வேண்டும். உழவே இல்லாத மாதத்தில்தான் வண்டி காலையில் கட்டாயம் கிளம்பியாக வேண்டியிருக்கிறது. அது கிளம்ப மறுப்பதும் அதே மாதத்தில்தான். சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் இரண்டு முறை முனகும், மூன்றாம் முறை இழுக்கும், பிறகு நின்றுவிடும். அப்போது கை தானாகவே ஷெட் அலமாரியில் இருக்கும் ஸ்ப்ரே டப்பாவைத் தேடும். ஸ்டார்டிங் ஃப்ளூயிட் என்று விற்கப்படும் அந்த டப்பாவில் வேலை செய்யும் சரக்கு ஈதர்.

1846இல் பாஸ்டன் மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு இதே ஈதரை முகரக் கொடுத்துத்தான் வலியில்லாமல் கட்டியை அறுத்தார்கள். ஆளைத் தூங்க வைத்த சரக்கு பிற்காலத்தில் இன்ஜினை எழுப்பும் வேலைக்கு வந்து சேர்ந்தது. ஏர் ஃபில்டர் குழாயின் வாயில் ஒரு அடி அடித்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், பத்து நிமிடமாக அசையாத இன்ஜின் ஒரே தட்டில் எழுந்து நிற்கும். இதைக் கண்ணால் பார்த்தவர் அடுத்த குளிர்காலத்துக்கு இரண்டு டப்பா வாங்கி வைக்காமல் இருக்க மாட்டார். இந்தப் பழக்கத்துக்கு ஆதரவாளர்களும் அதிகம், பரம எதிரிகளும் அதிகம். இரு தரப்பாரும் பாதி உண்மையைத்தான் பேசுகிறார்கள்.

டீசல் இன்ஜினில் பற்ற வைக்கும் பொறி கிடையாது. காற்றைப் பதினேழு, பதினெட்டு மடங்கு நெருக்கினால் அது தானாகச் சூடேறும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக் காட்டிய இன்ஜின் முதல் இன்றுவரை அடிப்படை இதுதான். டீசல் தானாகப் பற்ற ஏறத்தாழ 210 முதல் 250 டிகிரி வேண்டும். 27 டிகிரிக் காற்றை 17 மடங்கு நெருக்கினால், வெப்பம் எங்கும் கசியாது என்று வைத்துக்கொண்டால், 600 டிகிரியைத் தாண்டிவிடும். அதே கணக்கில் மைனஸ் 20 டிகிரிக் காற்றும் ஏறத்தாழ 500 டிகிரியைத் தொடும். ஏட்டுக் கணக்கின்படி எந்தக் குளிரிலும் டீசல் இன்ஜின் ஸ்டார்ட் ஆக வேண்டும்.

ஆனால் வெப்பம் கசிகிறது. உறைந்து கிடக்கும் இரும்புச் சுவர் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. பிஸ்டன் மெதுவாக ஏறினால் நெருங்கிய காற்றே ரிங் இடுக்கு வழியாகத் தப்பிக்கிறது. இந்த இரண்டு இழப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மைனஸ் 20இல் சிலிண்டருக்குள் இருக்கும் காற்று 240 டிகிரிப் பக்கம் வந்து நிற்கலாம். டீசல் பற்றினாலும் பற்றும், பற்றாமலும் போகும். ஈதர் தானாகப் பற்ற 160 டிகிரி போதும். 35 டிகிரிக்கும் கீழேயே கொதித்து ஆவியாகும். அரைகுறைச் சூட்டிலும் முதலில் பற்றுவது அதுதான். அது பற்றிய வேகத்தில் பின்னால் வரும் டீசலும் பற்றிக்கொள்கிறது. டப்பாவின் மாயம் இவ்வளவுதான்.

இதற்கு முந்தைய தலைமுறைகள் என்ன செய்தன என்பதையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் 1921இல் வெளிவந்த லான்ஸ் புல்டாக் டிராக்டருக்கு முன்பக்கத்தில் ஒரு இரும்புக் குமிழ் இருந்தது. புளோலாம்ப் வைத்து அதைச் செக்கச்செவேல் என்று காய்ச்சிய பிறகு, ஸ்டீயரிங் சக்கரத்தையே கழற்றி எடுத்துப் பக்கவாட்டில் செருகி இன்ஜினைச் சுழற்றுவார்கள். இங்கிலாந்தின் ஃபீல்டு மார்ஷலுக்கு ஒற்றைச் சிலிண்டர். வெடியுப்பில் ஊறவைத்த காகிதச் சுருளைக் கொளுத்தி, புகைந்துகொண்டிருக்கும்போதே சிலிண்டர் தலையில் திருகி வைப்பார்கள். கையால் சுற்ற முடியாத அளவுக்குக் குளிர் என்றால், வேட்டைத் துப்பாக்கியில் போடுவது போன்ற வெற்றுத் தோட்டா ஒன்றைச் செருகிச் சுத்தியலால் தட்டுவார்கள். தோட்டா வெடித்த அழுத்தத்தில் பிஸ்டன் நகரும். பார்ப்பவருக்குத் திருவிழா, ஓட்டுபவருக்கு அன்றாட வேலை.

ஜான் டியர் 1949இல் கொண்டுவந்த மாடல் ஆர், டீசல் இன்ஜினை இழுத்துவிட இரண்டு சிலிண்டர் கொண்ட குட்டிப் பெட்ரோல் இன்ஜின் ஒன்றைச் சுமந்து வந்தது. முதலில் குட்டி ஓடும். அதன் சூடான தண்ணீர் பெரிய இன்ஜினுக்குள்ளும் சுற்றி வரும். பெரிய இன்ஜின் கதகதப்பான பிறகே அதை இழுப்பார்கள். சோவியத் பெலாரஸ் டிராக்டர்களிலும் பத்து குதிரைத்திறன் கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின் இதே வேலையைச் செய்தது. அதைக் கயிறு சுற்றி இழுக்க வேண்டும். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் இன்னும் ஒரு படி மேலே போனது. ஃபார்மால் எம்.டி. டிராக்டரில் டீசல் இன்ஜினே முதலில் பெட்ரோலில், ஸ்பார்க் பிளக்கோடு ஓடும். சற்றுச் சூடேறியதும் லீவரைத் தள்ளினால் டீசலுக்கு மாறும். கெட்டிக்கார யோசனை. ஆனால் அந்தச் சிக்கலான சிலிண்டர் தலை விரிசல் விடுவதற்கும் பேர் போனது.

இவற்றையெல்லாம் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. புளோலாம்ப், புகையும் காகிதம், குட்டி இன்ஜின், பெட்ரோல் ஓட்டம் என்று வழி எதுவானாலும் இன்ஜினுக்குள் சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நோக்கம். ஈதர் மட்டும் எந்தச் சூட்டையும் கொண்டுவருவதில்லை. இன்ஜின் எட்ட வேண்டிய உயரத்தைக் குறைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகும் அதன் இரும்பு மைனஸ் 20இலேயே இருக்கிறது. ஆயில் பிசுபிசுவென்று அடியில் படிந்து கிடக்கிறது. பேரிங்குகள் ஆயில் வந்து சேருவதற்கு முன்பே சுழல ஆரம்பித்துவிடுகின்றன. ஈதர் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்த கொஞ்சநஞ்ச ஆயில் படலத்தையும் கழுவிவிடுகிறது. டப்பாக்காரர்கள் சரக்கில் கொஞ்சம் மசகெண்ணெய் கலந்து விற்பதே இந்தக் குறையைத் தெரிந்துகொண்டுதான்.

அதைவிடப் பெரிய கேடு பற்றும் நேரத்தில் இருக்கிறது. டீசல் எப்போது பற்ற வேண்டும் என்பதை பம்பும் நாசிலும் தீர்மானிக்கின்றன. பிஸ்டன் மேலே ஏறி முடிக்கும் தறுவாயில்தான் டீசல் உள்ளே வரும். ஈதருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அது காற்றோடு காற்றாக முன்கூட்டியே உள்ளே போய்விட்டது. 160 டிகிரி கிடைத்ததும், பிஸ்டன் பாதி வழியில் இருந்தாலும் வெடித்துவிடும். ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனின் தலையில் சம்மட்டி விழுவது போலத்தான். பெரிய வார்ப்பிரும்பு இன்ஜின் அந்த அடியைத் தாங்கும். 20, 25 குதிரைத்திறன் கொண்ட சின்ன இன்ஜினில் ரிங் உட்காரும் வரப்பு நொறுங்கலாம், ஹெட் கேஸ்கட் கிழியலாம், கனெக்டிங் ராடு வளையலாம். அடிக்கும் அளவும் யார் கையிலும் இல்லை. கை மரத்துப்போன குளிரில் ஒரு நொடி அழுத்த வேண்டிய இடத்தில் மூன்று நொடி அழுத்திவிடுவது சகஜம்.

இன்றைய சின்ன டிராக்டர்களில் ஆபத்து இன்னும் ஒரு சுற்றுப் பெரியது. 1969 வாக்கில் குபோட்டா அமெரிக்காவுக்குள் நுழைந்த பிறகு, ஜப்பானிய வகைக் குட்டி டீசல் டிராக்டர்கள் அங்கே வீட்டுக்கு வீடு பரவின. இவற்றில் பலவற்றில் டீசல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதில்லை. தலையில் உள்ள சின்ன முன்னறைக்குள் பீய்ச்சப்படுகிறது. ஓடும்போது இந்த ஏற்பாட்டில் சத்தம் குறைவு, எரிதலும் சீர். குளிர்ந்து கிடக்கும்போது அந்த முன்னறையின் சுவர் சூட்டை விழுங்கிவிடும். அதற்காகத்தான் ஒவ்வொரு அறையிலும் ஒரு குளோ பிளக். சாவியைப் பாதி திருப்பிக் காத்திருந்தால் அதன் நுனி 800 டிகிரிக்கு மேல் பழுத்துச் சிவக்கும். அந்தச் சிவந்த நுனி காத்திருக்கும் அறைக்குள் ஈதர் ஆவியை அனுப்பினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கம்பெனிப் புத்தகங்களும் வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களும் ஈதர் வேண்டாம் என்று கறாராகச் சொல்வது இதனால்தான்.

பழைய மாசி ஃபெர்குசன் 135க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதில் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் இன்ஜின். குளோ பிளக்குக்குப் பதிலாக, காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் தெர்மோஸ்டார்ட் என்ற சின்னக் கருவி இருக்கும். சாவியை ஹீட் நிலைக்குத் திருப்பினால் உள்ளே ஒரு கம்பிச் சுருள் சிவக்கும். அந்தச் சூட்டில் ஒரு வால்வு திறந்து டீசல் சொட்டும். அது தீப்பிடித்து, இழுக்கப்படும் காற்றை வெதுவெதுப்பாக்கும். மேனிஃபோல்டுக்குள் நிஜமான தீ. அங்கே ஈதர் அடிப்பவர் தன் புருவத்தைப் பணயம் வைக்கிறார்.

இந்த பெர்கின்ஸ் வம்சம் தமிழ்நாட்டுக்கும் அந்நியமில்லை. சென்னையில் சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் உரிமத்தில் இன்ஜின் தயாரித்தது. 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாசி ஃபெர்குசன் டிராக்டர்களில் ஓடுபவை சிம்சன் இன்ஜின்கள். டெல்டாவில் மார்கழி விடியலே 20 டிகிரிக்குப் பக்கம் இருக்கும். அங்கே செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பேட்டரி டவுன், இல்லையென்றால் லைனில் காற்று. குளிர் என்ற வில்லனை அந்த மெக்கானிக் சந்தித்ததே இல்லை. அதே குடும்பத்து இன்ஜின் மின்னசோட்டாவில் காலையில் அடம்பிடிப்பதைப் பார்த்தால் அவருக்கு அது வேறு வண்டியாகத் தெரியும்.

ஈதருக்காகவும் பேச வேண்டியது உண்டு. அதை ஒரேயடியாக விஷம் என்று ஒதுக்குவோர், பெரிய டீசல் இயந்திரங்களில் தயாரிப்பாளர்களே ஈதர் ஏற்பாடு பொருத்தித் தந்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். அங்கே டப்பா கையில் இருக்காது. பொத்தானை அழுத்தினால் அளந்து வைத்த ஒரு மிடறு மட்டும் மேனிஃபோல்டுக்குள் போகும். அதுவும் இன்ஜின் சுழன்றுகொண்டிருக்கும்போதுதான். சிலிண்டர் பெரிது, இரும்பு தடிமன், அளவு நிச்சயம். ஆக, குற்றம் முழுவதையும் ஈதர் மேல் போட முடியாது. குளோ பிளக் கொண்ட குட்டி இன்ஜினுக்குள் கை போன போக்கில் அடிப்பதுதான் குற்றம்.

பெட்ரோல் டிராக்டர்களில் ஈதருக்கு இன்னும் சலுகை உண்டு. 1947 முதல் 1952 வரை வெளிவந்த ஃபோர்டு 8என், ஐந்து லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான வண்டி. இன்றும் அமெரிக்கக் கிராமங்களில் பனி தள்ளிக்கொண்டிருக்கிறது. அதில் காற்று ஆறேழு மடங்குதான் நெருங்கும். எப்போது பற்ற வேண்டும் என்பதை ஸ்பார்க் பிளக் சொல்கிறது. எனவே ஈதர் முந்திக்கொண்டு வெடிக்கும் அபாயம் குறைவு. ஆனால் 8என் குளிரில் முரண்டு பிடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. அதன் மின்சாரம் 6 வோல்ட். அதே வேலைக்கு 12 வோல்ட்டைப் போல் இரு மடங்கு ஆம்பியர் ஓட வேண்டும்; அதற்கேற்பக் கேபிள் கட்டைவிரல் தடிமனில் இருக்க வேண்டும். யாரோ ஒரு முன்னாள் உரிமையாளர் கார் கடையில் கிடைத்த ஒல்லிக் கேபிளைப் போட்டு வைத்திருப்பார். டெர்மினலில் பச்சைப் பூஞ்சை பூத்திருக்கும். மின்சாரம் வழியிலேயே செத்துவிடும். பிறகு சோக்கை இழுத்து இழுத்து கார்புரேட்டரில் பெட்ரோல் வழியும், பிளக் நனையும். இந்த வண்டிக்கு ஈதர் அடித்து ஸ்டார்ட் செய்பவர் நூறு ரூபாய் நோயை மறைக்கத் தினமும் பத்து ரூபாய் செலவழிக்கிறார்.

இந்தப் பழக்கத்தின் பெரிய பலவீனம் இங்கேதான் வெளிப்படுகிறது. இன்ஜின் ஏன் எழவில்லை என்ற கேள்வியை ஈதர் கேட்கவே விடுவதில்லை. குளிரில் தவறுவது பேட்டரியாக இருக்கலாம், ஆயிலாக இருக்கலாம், டீசலாக இருக்கலாம், சிலிண்டரின் சூடாக இருக்கலாம். நான்குக்கும் அறிகுறி வேறு வேறு. இன்ஜின் உம்மென்று மெதுவாகச் சுழன்றால் பேட்டரி அல்லது ஆயில். வேகமாகச் சுழன்றும் சைலன்சரில் புகையே வரவில்லை என்றால் டீசல் வந்து சேரவில்லை. வெள்ளைப் புகை குபுகுபு என்று வந்தும் பற்றவில்லை என்றால் டீசல் போகிறது, சூடு போதவில்லை. குளோ பிளக்கைப் பார்க்க வேண்டும். பற்றி ஐந்து நிமிடம் ஓடிவிட்டு இழுத்து இழுத்து நின்றால், டீசல் ஃபில்டரில் மெழுகு அடைத்திருக்கிறது. வெள்ளைப் புகை ஒன்றுக்குத்தான் ஈதர் ஏதோ ஒரு வகையில் பதில். மற்றவற்றுக்கு அது கண்கட்டு.

பேட்டரிக்குக் குளிர் செய்யும் கொடுமையைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அறைச் சூட்டில் முழுத் தெம்போடு இருக்கும் ஈய அமிலப் பேட்டரி, மைனஸ் 18இல் அந்தத் தெம்பில் ஏறத்தாழ 40 சதவீதத்தைத்தான் தரும். இன்ஜின் கேட்கும் பலமோ, ஆயில் கெட்டிப்படுவதால், அதே குளிரில் கூடிக்கொண்டே போகும். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி அந்த ஊர்க் குளிரில் உறையாது. இறங்கிப்போன பேட்டரி மைனஸ் 7, 8இலேயே உள்ளே பனிக்கட்டியாகிப் பெட்டி வெடித்துப்போகும். ராத்திரி பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துக் காலையில் மாட்டுபவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்கள் செய்வது சரி.

ஆயில் விஷயம் சுருக்கமாகச் சொல்லக்கூடியது. 15டபிள்யூ ஆயிலின் சுழற்சித் தகுதி மைனஸ் 20இல் சோதிக்கப்படுகிறது, 5டபிள்யூவுக்கு மைனஸ் 30, 0டபிள்யூவுக்கு மைனஸ் 35. கோடையில் ஊற்றிய 15டபிள்யூ-40 ஆயிலோடு ஜனவரிக்குள் நுழைந்துவிட்டு இன்ஜினைக் குறை சொல்வதில் நியாயமில்லை. இதோடு ஒரு சின்ன உத்தியும் சேரும். ஸ்டார்ட் செய்யும்போது கிளட்ச்சை அழுத்திப் பிடித்தால், கியர்பாக்ஸில் உறைந்து கிடக்கும் ஆயிலையும் சேர்த்துக் கிண்டும் வேலை செல்ஃப் மோட்டாருக்கு மிச்சம்.

டீசல் மெழுகு கட்டுவது தனிக் கதை. டீசலில் கரைந்திருக்கும் பாரஃபின் குளிரில் முதலில் மேகம்போல் கலங்கும், பிறகு செதிலாகப் பிரிந்து ஃபில்டர் காகிதத்தில் படியும். சாதாரண நம்பர் 2 டீசல் மைனஸ் 10 பக்கத்திலேயே கலங்க ஆரம்பித்துவிடும். அதனால் குளிர்காலத்தில் லேசான நம்பர் 1 டீசலைக் கலந்து விற்கிறார்கள். மின்னசோட்டாவில் சட்டப்படி கோடையில் 20 சதவீதம் கலக்கும் பயோ டீசலைக் குளிர்காலத்தில் 5 சதவீதமாகக் குறைக்கிறார்கள். சின்ன டிராக்டர்காரரின் சிக்கல் வேறு வகை. அவர் வண்டிக்கு ஆண்டு முழுவதும் சில கேன் டீசல்தான் செலவாகும். ஆகஸ்ட்டில் நிரப்பிய கோடை டீசல் ஜனவரியிலும் டேங்கில் இருக்கும். கலங்குவதற்கு முன்பே ஊற்ற வேண்டிய மெழுகுத் தடுப்பு மருந்தை, கலங்கிய பிறகு ஊற்றிப் பயனில்லை. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் உருகாத நெய் போல வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்த ஃபில்டரை மாற்றாமல் எத்தனை ஈதர் அடித்தாலும் இன்ஜின் ஈதரில் நான்கு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்துவிடும்.

ஒரு முறை ஈதர் காட்டினால் இன்ஜின் அதற்கு அடிமையாகிவிடும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. இரும்புக்குப் போதைப் பழக்கம் வராது. நடப்பது வேறு. ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் குறைந்த இன்ஜின்தான் முதலில் ஈதரைக் கேட்கிறது. ஈதர் ஆயில் படலத்தைக் கழுவி, முன்கூட்டியே வெடித்து, அந்தத் தேய்மானத்தைக் கூட்டுகிறது. போன ஆண்டு மைனஸ் 10இல் கேட்ட இன்ஜின் இந்த ஆண்டு மைனஸ் 2இலேயே கேட்கிறது. பேச்சு பிழை, அது சுட்டிக்காட்டும் ஆபத்து நிஜம். ஒரு குளோ பிளக் செத்திருந்தாலும் இதே கதைதான். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் நல்ல பிளக் ஓரிரு ஓம் காட்டும், செத்தது ஒன்றுமே காட்டாது. சோதிக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் டப்பா மிச்சப்படுத்தித் தருகிறது.

ஈதருக்கு எதிரே நிற்கும் நல்ல பிள்ளை பிளாக் ஹீட்டர். வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸில் ஊரக மின் கூட்டுறவு ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1940களில் வடிவமைத்து 1949இல் காப்புரிமை பெற்ற சாதனம் இதன் மூதாதை. சிலிண்டர் தலையின் போல்ட் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வெப்பக் கம்பி ஒன்றைத் திருகுவது அவர் யோசனை. மின்சாரம் விற்பவர் இதைக் கண்டுபிடித்ததில் வியப்பில்லை. 1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. 1936இன் ஊரக மின்மயச் சட்டத்துக்குப் பிறகுதான் கம்பி கிராமத்துக்குள் போனது. கம்பி போகாமல் ஹீட்டரும் போயிருக்க முடியாது.

இன்றைய சின்ன டிராக்டரின் ஹீட்டர் 400 வாட் அளவில் இருக்கும். மூன்று மணி நேரம் போட்டால் 1.2 யூனிட். ராத்திரி முழுக்கப் பன்னிரண்டு மணி நேரம் செருகி வைத்தால் 4.8 யூனிட்; இரண்டுக்கும் காலையில் கிடைக்கும் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான், இன்ஜின் ஓரளவுக்கு மேல் சூடாவதில்லை. ஒரு டைமர் வாங்கி விடியற்காலை மூன்று மணிக்கு வைத்தால் போதும். அப்படி எழுப்பும் இன்ஜின் கோடைக்காலம் போலக் கிளம்பும். ஆயில் சற்று இளகியிருக்கும், சுவர் சூட்டைத் திருடாது. தேய்மானம் என்ற கணக்கில் ஈதர் இதன் பக்கத்தில்கூட வர முடியாது.

ஆனால் ஹீட்டர் பக்தர்கள் மறைக்கும் குறைகளும் உண்டு. அது சூடாக்குவது இன்ஜினைச் சுற்றியுள்ள தண்ணீரை மட்டும். பேட்டரி குளிரிலேயே இருக்கிறது, டேங்கிலும் ஃபில்டரிலும் டீசல் குளிரிலேயே இருக்கிறது, ஹைட்ராலிக் ஆயில் தேன் போலவே இருக்கிறது. சட்டென்று ஸ்டார்ட் ஆன மகிழ்ச்சியில் உடனே பனி தள்ளக் கிளம்பினால் பாதி வழியில் டீசல் அடைத்து வண்டி நிற்கும். வயரை எலி கடிக்கும். வைக்கோல் ஷெட்டில் அது தீயாக முடிவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹீட்டர் முன்கூட்டியே யோசிப்பவர்களுக்கான சாதனம். பனிப்புயலில் மின்கம்பி அறுந்த காலையில் அது வெறும் வால். மேய்ச்சல் நிலத்தின் நடுவே அணைந்துபோன வண்டிக்கு அருகில் பிளக் பாயிண்ட் இருக்காது. ஈதர் டப்பா இத்தனை ஆண்டு பிழைத்திருப்பதன் நியாயம் இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறது. அங்கேயும் குளோ பிளக் வண்டி என்றால், ஹேர் டிரையரையோ ஹாட் ஏர் கன்னையோ ஜெனரேட்டரில் மாட்டிக் காற்றுக்குழாயின் வாயில் பிடிப்பது பத்து நிமிடம் கூடுதலாகப் பிடித்தாலும் மேல். நேரடியாகப் பீய்ச்சும் பழைய இன்ஜினாகவும், மேனிஃபோல்டில் தீ மூட்டும் கருவி இல்லாததாகவும் இருந்தால், இன்ஜின் சுழன்றுகொண்டிருக்கும்போது தூரத்திலிருந்து அரை நொடி ஈதர் என்பது ஏற்கக்கூடிய அவசர வைத்தியம்.

டிராக்டர் கம்பெனிகளும் இதில் பங்கு வாங்கிக்கொள்ள வேண்டும். ஈதர் அடிக்காதே என்று ஸ்டிக்கர் ஒட்டும் நிறுவனங்களில் பல, பனிப் பிரதேசத்தில் விற்கும் வண்டியிலும் பிளாக் ஹீட்டரைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய உதிரியாகவே வைத்திருக்கின்றன. வாங்கும் நாளில் விலையைக் குறைக்க எதை வெட்டலாம் என்று வாடிக்கையாளர் பார்ப்பார். அதுவும் வெயில் காயும் மே மாதத்தில். ஹீட்டர்தான் முதலில் வெட்டுப்படும். ஜனவரியில் அவர் போய் நிற்பது டப்பா விற்கும் கடையில்.

பழைய வண்டி வாங்கப் போகும் அனுபவசாலிகள் விற்பவருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பார்கள்: நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று. போனதும் அவர்கள் பார்ப்பது பெயிண்டையோ டயரையோ அல்ல. கையுறையைக் கழற்றி இன்ஜின் மேல் உள்ளங்கையை வைப்பார்கள். வெதுவெதுப்பாக இருந்தால், யாரோ காலையிலேயே சூடேற்றி வைத்திருக்கிறார்கள். பிறகு ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து மூக்கை நுழைப்பார்கள். ஈதரின் அந்த இனிப்பான மருத்துவமனை வாடை வந்தால், விலை பேசுவதற்கு முன் கம்ப்ரஷன் மீட்டரை எடுத்து வரச் சொல்வார்கள்.